நல்ல தாயும் நம் ஆசிரியத் தாய்மாரும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், சங்கத்தைத் தோற்றுவித்த பெரியோர், பொருளுதவிய புரவலர், உழைத்த ஆசிரியர், தேர்ச்சி பெற்ற மாணவர் ஆகியோரின் பெயர்கள் முறைப்படி இடம்பெறுகின்றன. செய்ந்நன்றி மறவாமைக்கு அது அடையாளம். ஆயினும் அப்பட்டியல்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. சங்கம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, நம் சேரிப் பிள்ளைகளின் கையில் முதன்முதலாகச் சிலேட்டைக் கொடுத்தவர் யார்? விரலைப் பிடித்து அகரத்தை எழுதப் பழக்கியவர் யார்? முதியோரை வினவினால், "உபதேசியார் வீட்டு அம்மா" என்றோ, "வாத்தியாரம்மா" என்றோ விடை வருகிறது. அவ்வம்மாவின் பெயரை வினவினால் விடை வருவதில்லை.

பெயர் தெரியாதவருக்கு வரலாறு எழுதுவது எவ்வாறு? பெயர் தெரிந்த ஒருவரின் வாழ்வை முதலில் எடுத்துக்கொண்டு, அவ்வொளியில் மற்றையோரைத் தேடுவதே தக்க வழி எனக் கருதினோம். ஆதலால் சென்னை நகரில் கிறித்தவத் தாயாகவும் ஆசிரியையாகவும் வாழ்ந்து, 1878-ஆம் ஆண்டில் மறைந்த அன்னா சத்தியநாதன் அம்மையாரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

இருப்புப் பாதையும் இரு ஊர்களும்

நம் நெமிலிச்சேரி நிலையத்தில் இரயிலேறிக் கிழக்கே சென்றால் பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னை நடு நிலையத்தை அடையலாம். அங்கிருந்து கூவத்தைக் கடந்து சிறிது நடந்தால் சிந்தாதிரிப்பேட்டை. இப்பாதையில் முதல் வண்டி ஓடியது 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள். இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை சென்ற அவ்வண்டியே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வண்டி. ஊர்களினூடே இரயில் ஓடியது. எழுத்து மட்டும் அவ்வளவு விரைவாக வந்து சேரவில்லை. இருப்புப் பாதை போடப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள் சிந்தாதிரிப்பேட்டையில் பெண்களுக்குக் கல்வி தந்த ஓர் அம்மையார் குடியேறினார். அவ்வெழுத்து அங்கிருந்து நம் சேரி வரை வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின, யார் கையால் வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிறந்த வீடு

அன்னா அம்மையார் திருநெல்வேலிச் சீமையில் கடாட்சபுரத்தில் பணியாற்றிய கனம் ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். தேவசகாயம் ஐயர் தரங்கம்பாடித் திருச்சபையின் வழிவந்து, ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர்களுள் ஒருவர். குருவின் வீடு என்றால் அக்காலத்தில் அது பள்ளியும் கூட. காலை மாலை வேதவாசிப்பு உண்டு. வாசிப்பு உண்டெனில் எழுத்தறிவும் உண்டு. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரார் கேட்ட காலத்தில், அவ்வீட்டுப் பெண்பிள்ளை படித்தார்.

அம்மையாரின் இளமைக் காலம் தமிழ்த் திருச்சபைகளுக்குள் சாதிப் பூசல் கொழுந்துவிட்டெரிந்த காலமுமாகும். 1833-ஆம் ஆண்டில் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனே அகற்றப்பட வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னையிலும் மேற்சாதிக் கிறித்தவர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். ஒரே கிண்ணத்தில் நற்கருணை அருந்துவதும், ஒரே பாயில் அமர்வதும், ஒரே பந்தியில் உண்பதும் வழக்காடும் பொருள்களாயின. 1850-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மிஷனெரிமார், சாதியை விடாதவரைச் சபையில் சேர்ப்பதில்லை எனத் தீர்மானம் செய்தனர். லைப்சிக் லுத்தரன் சபையார் மட்டும் அதற்கு உடன்படவில்லை. தீர்மானம் எழுதுவது எளிது. பாயைச் சேர்த்து விரிப்பது அரிது. அக்குறை இன்றும் பல கல்லறைத் தோட்டங்களில் சுவராக நிற்பதை நாம் அறிவோம்.

சிந்தாதிரிப்பேட்டை இல்லம்

1849-ஆம் ஆண்டில் அம்மையார் சத்தியநாதன் என்பாரை மணந்தார். அவர் இந்துக் குடும்பத்திற் பிறந்து, பாளையங்கோட்டையில் ஆங்கிலக் கல்வி பயின்றபோது 1847-ஆம் ஆண்டில் கிறித்தவரானவர். பின்னர்க் குருவாகித் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தவர். 1860-களில் சி.எம்.எஸ். சங்கத்தார் அவரைச் சென்னைக்கு அனுப்பினர். சிந்தாதிரிப்பேட்டைச் சீயோன் ஆலயத்தின் குருவாக அவர் 1892-ஆம் ஆண்டில் மறையும் வரை விளங்கினார்.

கணவருக்கு ஆலயம் பணியிடமாயிற்று. மனைவிக்குப் பணியிடம் என்று எவரும் ஒன்றை ஒதுக்கித் தரவில்லை. அம்மையார் தாமே அதனை உண்டாக்கிக்கொண்டார். அண்டை அயலிலிருந்த சிறுமியரை அழைத்து வைத்துக் கற்பித்தார். அது வளர்ந்து பெண்பள்ளிகளாயிற்று. பள்ளிக்கு வர இயலாது வீட்டுக்குள் அடைபட்டிருந்த இந்துப் பெண்களிடம் தாமே சென்று கற்பித்தார். இதனை அக்காலத்தார் 'ஜெனானா' ஊழியம் என வழங்கினர்.

அப்பணி எத்துணைக் கடினமானது என்பதை இன்றைய ஆசிரியர் எளிதில் உணரமாட்டார். சிறுமியர் பத்துப் பன்னிரண்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டுப் பள்ளியினின்று நின்றுவிடுவர். மூன்றாம் வகுப்பைத் தாண்டுவோர் அரியர். ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்குப் பெண்பிள்ளையை அனுப்பப் பெற்றோர் இசையார். பெண் ஆசிரியரோ இல்லை. படித்த பெண் இருந்தால்தான் பெண்பள்ளி நடக்கும். பெண்பள்ளி நடந்தால்தான் படித்த பெண் உண்டாவாள். இச்சிக்கலின் முதல் முடிச்சை அவிழ்த்தவர் பெரும்பாலும் குருமார், உபதேசியார், மிஷன் ஆசிரியர் ஆகியோரின் மனைவிமாரும் மகளிருமே. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் அவர்களே. வெளியே சென்று கற்பிப்பதற்குக் குடும்பத்தார் தடை செய்யாத பெண்களும் அவர்களே. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்த பெண்கள் ஆயிரத்துக்கு 9 பேர்தாம். அம்மையார் பணி தொடங்கியது அக்கணக்கெடுப்புக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தாய்மையும் பள்ளியும்

அம்மையார் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். பிள்ளை வளர்ப்பையும் கல்வியையும் அவர் வேறு வேறாகக் கருதவில்லை என்பதற்கு, தாய்மாருக்கென அவர் தமிழில் எழுதிய சிறுநூலே சான்று. 'நல்ல தாய்' என்னும் பொருள்பட அந்நூல் பெயர் பெற்றது. தாய் எவ்வாறு பிள்ளையை வளர்த்தல் வேண்டும் என்று ஆடவரே அறிவுரை எழுதிவந்த நாளில், ஒரு தாயே தாய்மாருக்கு எழுதினார் என்பது குறிக்கத்தக்கது.

அவ்வில்லத்தின் விளைவு பெரிது. 1860-ஆம் ஆண்டில் பிறந்த மகன் சாமுவேல் சத்தியநாதன், கேம்பிரிட்சில் கற்றுச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அம்மையார் மறைந்த அதே 1878-ஆம் ஆண்டில், மருத்துவம் கற்பதற்காகச் சென்னைக்கு வந்த கிருபாபாய் என்னும் மராத்தியக் கிறித்தவ நங்கை அவ்வில்லத்திலேயே தங்கினார். உடல்நலக் குறைவால் மருத்துவக் கல்வியை விட நேர்ந்த அவர், பின்னர்ச் சாமுவேலை மணந்தார்; உதகையில் முஸ்லிம் சிறுமியருக்கெனப் பள்ளி நடத்தினார்; ஆங்கிலத்தில் புதினம் எழுதிய முதல் இந்தியப் பெண்மணியருள் ஒருவராய்ப் புகழ்பெற்று, 1894-ஆம் ஆண்டில் முப்பத்திரண்டு அகவையில் மறைந்தார். சாமுவேலின் இரண்டாம் மனைவியான கமலா சத்தியநாதன், 1901-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து இந்தியப் பெண்களுக்கென ஓர் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கி நடத்தினார். மாமியார் வகுப்பு நடத்தினார். மருமகளிர் நூலும் இதழும் படைத்தனர்.

நாம் கேட்க வேண்டிய வினா

இவ்விடத்தில் நாம் வாய்மையோடு ஒன்று கூறுதல் கடமை. அம்மையார் நாடிச் சென்ற வீடுகள் நம்மவர் வீடுகளல்ல. வீட்டுக்குள் அடைபட்டிருத்தல் என்பது வயலில் கூலி வேலை செய்யத் தேவையில்லாத குடும்பத்துப் பெண்களுக்கே உரிய துன்பம். நம் பாட்டிமார் அடைபட்டிருக்கவில்லை. நாற்று நட்டனர், களை பறித்தனர், கதிரறுத்தனர், ஏரிக்கரைக்கு மண் சுமந்தனர். அவர்களுக்குக் கதவு தடையாக இருக்கவில்லை; நேரமின்மையும் தீண்டாமையும் வறுமையும் தடையாக நின்றன. ஆகவே சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளியின் கதவு திறந்தபோது அது நமக்கும் சேர்த்துத் திறந்தது என்று சொல்லிவிட முடியாது.

இதனைக் குறையாகக் கூறி அம்மையாரின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஒருவர் ஒரு காலத்தில் ஓரிடத்தில் நின்று செய்யக்கூடியதைச் செய்தார். ஆனால் அவர் காட்டிய முறை, அதாவது தன் வீட்டையே பள்ளியாக்கிக் கொள்ளும் தாயின் முறை, நம் சேரிக்கு வேறு பெண்களின் வழியாக வந்து சேர்ந்தது. அப்பெண்களில் பலர் நம்மவரே.

செங்கற்பட்டுச் சீமையில்

நெமிலிச்சேரி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 1997-ஆம் ஆண்டு வரை அது செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. அம்மாவட்டத்தில் நம் மக்களின் நிலைமையை 1891-ஆம் ஆண்டில் ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் விரிவாக எழுதி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை, உழும் நிலமும் சொந்தமில்லை, மிராசுதாரரைப் பகைத்தால் இரண்டுமில்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம். அதன் பயனாகவே 1892-ஆம் ஆண்டில் நிலம் பற்றிய ஆணை பிறந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று கூறும் உரிமையின் வேர் அதுவே. அடுத்த ஆண்டில், அதாவது 1893-இல், பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவித்தொகையும், ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கு ஊக்கத்தொகையும், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலமும் அளிக்கும் கல்வி ஆணை வெளிவந்தது. 1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

நம் பகுதிக்கு அண்மையில் திருவள்ளூரை அடுத்த இக்காட்டில் வெசுலியன் மிஷனார் நிலைகொண்டு, சுற்றியிருந்த சேரிகளில் பள்ளிகள் அமைத்தனர். அங்கு ஊழியம் செய்த கனம் வில்லியம் கௌடி, நம் மக்களுக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1894-ஆம் ஆண்டில் எழுதினார். கிருபாபாயின் முதற்புதினம் சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் திங்களிதழில் தொடராக வெளிவந்திருந்தது. படித்த கிறித்தவப் பெண்ணின் கதையும் நிலமற்ற பறையர் நிலைமையும் அச்சேறின. ஆனால் படித்த பறைச்சேரிப் பெண்ணின் கதை அவற்றோடு அச்சேறவில்லை. அவள் அப்போதுதான் அரிச்சுவடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

உபதேசியார் வீட்டு அம்மா

அக்காலச் சேரிப் பள்ளியை மனக்கண் முன் நிறுத்திக் காண்போம். மண்சுவர், ஓலைக் கூரை. ஞாயிற்றுக்கிழமையில் அது கோயில். மற்ற நாட்களில் பள்ளி. ஆசிரியர் ஒருவரே, அவரே உபதேசியார். திருமணத்துக்கும் சாவுக்கும் அவர் போக வேண்டும். நோயாளிக்கு மருந்து வாங்கிவர வேண்டும். மணியக்காரரிடமும் கணக்குப்பிள்ளையிடமும் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். மாதந்தோறும் மிஷன் பங்களாவுக்கு நடந்து சென்று கணக்குக் காட்ட வேண்டும். அவர் வெளியே சென்ற நாட்களில் பள்ளி நின்றதா? நிற்கவில்லை. அவர் மனைவி நடத்தினார்.

அம்மனைவியர் பலர் மிஷன் விடுதிப் பள்ளிகளில் பயின்றவர். வேதாகமம் வாசிக்கவும், கணக்குப் போடவும், தைக்கவும் கற்றவர். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் எழுத்தைக் கீறிக் காட்டினர். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வாராதபோது, இரவில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து அழைத்தனர். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த சிறுமியைத் திருப்பி அனுப்பாமல், தம்பியையும் உட்கார வைத்தனர். "பெண்ணுக்கு எதற்கம்மா படிப்பு?" என்று கேட்ட தாய்க்கு, "கூலிக் கணக்கை நீயே பார்க்கலாமே" என்று மறுமொழி கூறத் தெரிந்தவர் அவர். நெல்லளக்கும் மரக்கால் சரியா தவறா என்று பார்க்கும் கண் வேண்டுமென்று நம் தாய்மாருக்கு விளங்கியபோதுதான் சேரியில் பெண்கல்வி வேர்கொண்டது.

அரசின் உதவித்தொகை, ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வந்து நடத்தும் தேர்வின் முடிவைப் பொறுத்து அளிக்கப்பட்ட காலமும் இருந்தது. பிள்ளைகள் தேறினால் பணம், தேறாவிட்டால் இல்லை. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, பசியாற்றி வரிசையில் நிறுத்தியது யார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கை உண்டு. ஆசிரியரின் பெயர் உண்டு. பல இடங்களில் அம்மாவுக்கு "ஆசிரியர் மனைவி" என்ற இரண்டு சொற்களே மிச்சம்.

1894-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கல்வியின் வரலாற்றை விரிந்த நூலாக எழுதியவர் யார் தெரியுமா? அன்னா அம்மையாரின் மகன் சாமுவேல் சத்தியநாதன். எழுதத் தெரிந்த தாய்க்கு எழுதத் தெரிந்த மகன் வாய்த்தார். எழுதத் தெரிந்த மருமகளிர் வாய்த்தனர். அம்மையாரின் பெயர் நிலைத்தது. உபதேசியார் வீட்டு அம்மாவிடம் அகரம் கற்ற பிள்ளைக்கோ, அடுத்த வேளைக் கஞ்சியே கவலை. அவன் பேரன்தான் பட்டம் பெற்றான். அதற்குள் அம்மாவின் பெயர் மறந்துபோயிற்று. இருவரின் உழைப்பிலும் வேறுபாடு இல்லை. எழுதிவைத்தார் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

பின்வந்த காலம்

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் துறையின் பள்ளிகள் சேரிகளில் தோன்றின. அவையே பிற்காலத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு முன்னோடி. மிஷன் பள்ளியில் படித்து ஆசிரியரான எம். சி. இராஜா அவர்கள் சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்தார். விடுதலைக்குப் பின் கல்வி உரிமைகள் பெருகின. ஆயினும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் இந்துவாக இருத்தல் வேண்டுமென வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். இதன் விளைவாக நம் தெருவிலேயே அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு இருவேறு சான்றிதழ். தன் பிள்ளைகளுக்குக் கிடையாத உதவித்தொகைக்காக ஊரார் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கிறித்தவ ஆசிரியத் தாய்மாரையும் இவ்விடத்தில் நாம் நன்றியுடன் நினைக்கின்றோம்.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 73-ஐத் தாண்டியது. ஆயிரத்துக்கு 9 என்ற நிலையிலிருந்து நூற்றுக்கு 73 என்ற நிலைக்கு வருவதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆயின. சட்டமும் ஆணையும் திட்டமும் சங்கமும் அதில் பங்கு கொண்டன. ஓலைக் கூரையின் கீழ் மணலில் எழுதிய அவ்விரலுக்கும் பங்குண்டு.

நாம் செய்ய வேண்டுவது

இன்று நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலையின் சந்திப்பாக அறியப்படுகிறது. வயல்கள் மனைகளாயின. பழைய பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் புதியன எழுகின்றன. இடிபடும் கட்டடத்தோடு பழைய பதிவேடுகளும் போய்விடும். எழுபது எண்பது அகவை கடந்த பெரியோர் நம்மிடையே உள்ள வரைதான் வாத்தியாரம்மாவின் பெயரைக் கேட்டறிய வாய்ப்புண்டு.

ஆகவே இம்மலரைக் கையிலேந்தும் ஒவ்வொரு குடும்பத்தாரையும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள்: உங்களுக்கு முதல் எழுத்து கற்பித்தவர் யார்? அவர் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தார்? எங்குப் படித்தார்? எத்தனை ஆண்டு கற்பித்தார்? சம்பளம் உண்டா? அவருக்கு எத்தனை பிள்ளைகள்? அவர் எங்கு அடக்கம் செய்யப்பட்டார்? கேட்டதை ஒரு தாளில் எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்துச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் தாயின் பெயர் இருக்கக்கூடும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் கையெழுத்தே இருக்கக்கூடும். அவற்றைப் படி எடுத்துக் காத்தல் நம் இளைஞர் கடன்.

சங்கத்தின் பொன்விழா மலர் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் வெளிவரும். அம்மலரில் புரவலர் பட்டியலுக்கு முன்பாக, வாத்தியாரம்மாக்களின் பட்டியல் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் அச்சேறுதல் வேண்டும். அதற்கான முதல் தாளை இந்த வெள்ளி விழா நாளிலேயே எழுதத் தொடங்குவோமாக.